இணையத்தளம் விழிப்புலனற்றோருக்கும் உரியதே

இடம்பெயர்ந்து வாழ்ந்த எம் மக்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. அலுவலகமொன்றில் இருந்து கடிதம் வரும். முகவரி சரியாக இருக்கும், முத்திரையும் இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே எமக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருக்கும். காணியைப் பற்றியதா, நிவாரணத்தைப் பற்றியதா, எந்தத் திகதிக்கு முன் எங்கே போக வேண்டும் என்பது ஒன்றும் விளங்காது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடி அலைவோம். அவர் வீட்டில் இல்லாவிட்டால் மறுநாளும் போக வேண்டும். எமது வீட்டு விடயத்தை அயலவர் வாயால் நாம் கேட்டறிய வேண்டும். கடிதம் கிடைத்தது உண்மை; ஆனால் செய்தி கிடைக்கவில்லை.

இந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டே இக்கட்டுரையை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஏனெனில், கண்பார்வை இழந்த எமது சகோதரர்களுக்கு இன்று இணையத்தளங்களில் நடப்பதும் இதுவேதான். செய்தி அவர்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது. ஆனால் அது அவர்களுக்கு வாசிக்க முடியாத வடிவத்தில் வருகிறது.

எமது கையால் நடந்த தவறு

பிறரைக் குறை சொல்வதற்கு முன் எமது குறையைச் சொல்லிவிடுகிறோம். சில காலத்துக்கு முன், காலபோகம் தொடங்குவதற்கு முன்னதாக, உழுந்து விதை வழங்குவதற்குப் பெயர் பதியும்படி எமது நிலையத்தில் இருந்து ஓர் அறிவித்தல் வெளியிட்டோம். நிலையத்து இளைஞர்கள் அதை அழகாகச் செய்திருந்தார்கள். பின்னால் பச்சை வயல், மேலே பெரிய எழுத்து, கீழே திகதியும் இடமும். அதை ஒரு படமாக்கி இணையப் பக்கத்திலும் போட்டு, கைத்தொலைபேசிகளுக்கும் அனுப்பினோம். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம்.

பதிவு முடிந்து, விதையும் கொடுத்து முடிந்த பின், விவசாயி ஒருவர் மனைவியின் தோளில் கை வைத்தபடி வந்தார். மீளக்குடியேறிய புதிதில் காணி துப்புரவு செய்யும்போது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்து இரு கண்களையும் இழந்தவர். ஆனாலும் தோட்டத்தை விடவில்லை. பாத்தியில் கையால் தடவிப் பார்த்தே களை எது, பயிர் எது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் பேசும் வசதியுள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. எமது அறிவித்தல் அதற்கும் போயிருந்தது.

"சுவாமி, உங்கட ஆக்கள் அனுப்பினது வந்ததுதான். ஆனா போன் 'படம்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிக்குது. அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

எமக்குப் பதில் வரவில்லை. விதை தீர்ந்துவிட்டது. அந்தப் போகம் அவருடைய நிலத்தில் எமது உழுந்து விழவில்லை. நாம் செய்ய வேண்டியிருந்ததோ மிகச் சிறியது: படத்தோடு சேர்த்து நான்கு வரி எழுதியிருந்தால் போதும். அன்று தொடக்கம் இவ்விடயத்தைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கண் தெரியாதவர் எப்படி வாசிக்கிறார்?

"கண் தெரியாதவருக்குக் கணினி எதற்கு?" என்று கேட்போர் இன்றும் உண்டு. முன்பு "கண் தெரியாதவருக்குப் புத்தகம் எதற்கு?" என்று கேட்டார்கள். அதற்கு விடை கொடுத்தவர் லூயி பிறெயில். 1809 இல் பிரான்சு நாட்டின் கிராமமொன்றில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 3 வயதில் தகப்பனின் பட்டறையில் கூரிய ஊசியொன்று கண்ணில் குத்தியதால் ஏற்பட்ட காயம் மற்றக் கண்ணுக்கும் பரவி, பார்வை முற்றாகப் போயிற்று. அவரே 1829 இல், 6 புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவி வாசிக்கும் எழுத்து முறையை நூலாக வெளியிட்டார். அன்று அவருக்கு வயது 20. தமிழ் உட்பட உலகின் பல மொழிகள் இன்று அந்த ஆறு புள்ளிகளில் எழுதப்படுகின்றன.

கணினி யுகத்தில் இதற்கு அடுத்த படியாக வந்ததே திரைவாசிப்பான். இது தனியான இயந்திரமல்ல. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ இயங்கும் ஒரு மென்பொருள். திரையில் உள்ள எழுத்துக்களை எடுத்துக் குரலாக வாசிக்கும். விரும்பினால், சிறிய ஊசிகள் மேலெழுந்தும் கீழிறங்கியும் பிறெயில் எழுத்தைக் காட்டும் பலகையொன்றுக்கும் அனுப்பும். ஜோஸ் எனப்படும் திரைவாசிப்பானின் முதற் பதிப்பு 1989 இல் வந்தது. அது விலை கூடியது. 2006 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் என்பவர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைத் தொடங்கினார். ஜேம்ஸ் ரெஹ் என்பவர் அவரோடு இணைந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். பணம் உள்ளவருக்கு மட்டும் வாசிப்பு என்ற நிலை மாற வேண்டும் என்று அதை இலவசமாகவே கொடுத்தார்கள். இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

2009 ஆம் ஆண்டில் இருந்து இவ்வசதி கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இதற்கு டோக்பக் என்றும், அப்பிள் தொலைபேசிகளில் வொய்ஸ்ஓவர் என்றும் பெயர். எம் கிராமங்களில் பலர் வைத்திருப்பது அன்ட்ரொயிட் தொலைபேசியே. அவற்றில் பெரும்பாலானவற்றில் டோக்பக் ஏற்கெனவே உள்ளது. அமைப்புப் பகுதியில் போய் இயக்கிவிட்டாற் போதும். தமிழை வாசிக்கும் குரலும் உண்டு. ஆகவே வாசிக்கும் கருவி எம் மக்களின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. குறை இருப்பது அதன் முன் நாம் வைக்கும் பக்கத்தில்.

படம் ஏன் பேசுவதில்லை?

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் எழுத்தினால் ஆனது. 1989 இல் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் சுவிற்சர்லாந்தில் உள்ள அணு ஆராய்ச்சி நிலையமொன்றில் பணிபுரிந்தபோது வைய விரிவு வலை என்ற இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தார். பக்கத்தில் எது தலைப்பு, எது பந்தி, எது வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்பு என்பதை எழுத்தாலேயே குறித்து வைப்பதுதான் அதன் முறை. திரைவாசிப்பான் அந்தக் குறிப்புகளைப் பார்த்து, "தலைப்பு", "இணைப்பு" என்று சொல்லிச் சொல்லி வாசிக்கும்.

ஆனால் படம் என்பது எழுத்தல்ல. அது நிறப் புள்ளிகளின் குவியல். ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்து போட்டால் அது எழுத்தாக நிற்கும். அதே கடிதத்தைப் புகைப்படம் பிடித்துப் போட்டால், எமது கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கணினிக்கு முன்னது சொல், பின்னது வெறும் புள்ளி. எனவே திரைவாசிப்பான் "படம்" என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடும்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். களஞ்சியத்தில் பத்து உரப்பைகள் ஒரே மாதிரி வாய் கட்டி அடுக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் விதைநெல், ஒன்றில் பசளை, ஒன்றில் மாட்டுத் தீவனம். பையின் வாயில் பெயர் எழுதிய துண்டு கட்டியிருந்தால் இருட்டில் வருபவரும் இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்து எடுத்துப் போகலாம். துண்டு இல்லையேல் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். இணையப் பக்கத்தில் படத்துக்கு அப்படிக் கட்டும் துண்டுக்கு மாற்று உரை என்று பெயர். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. திரைவாசிப்பான் மட்டும் அதை எடுத்து வாசிக்கும். 1997 டிசம்பரில் வெளியான இணையப் பக்க எழுத்து விதிகளில் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே இது புதிய கோரிக்கையல்ல. கால் நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டிருந்தும் பலர் கடைப்பிடிக்காத ஒழுங்கு.

சிட்னியில் நடந்த வழக்கு

"இதெல்லாம் நல்ல எண்ணந்தான். ஆனால் செய்யாவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு அவுஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு விடை தருகிறது.

2000 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டு விழா சிட்னி நகரில் நடைபெற்றது. விழாவை நடத்திய ஏற்பாட்டுக் குழு அதற்கென ஓர் இணையத்தளத்தை வைத்திருந்தது. பிறவியிலேயே பார்வையற்றவரான புறூஸ் மக்குவயர் என்பவர் பிறெயில் பலகையின் உதவியோடு கணினியை நன்கு பயன்படுத்துபவர். அவருக்கு அந்தத் தளத்தின் பல பகுதிகள் மூடிய கதவுகளாக இருந்தன. படங்களுக்கும் படத்தால் ஆன இணைப்புகளுக்கும் மாற்று உரை இல்லை. நிகழ்ச்சி நிரல் பக்கத்தில் இருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழியில்லை. முடிவுகளைக் காட்டும் அட்டவணைகளும் வாசிக்கக்கூடியதாக இருக்கவில்லை.

அவர் 1999 யூன் மாதம் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார். அந்நாட்டில் 1992 இல் இயற்றப்பட்ட வலது குறைந்தோருக்கு எதிரான பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் அவருக்குத் துணை நின்றது. ஏற்பாட்டுக் குழுவோ, இதைத் திருத்துவதற்கு ஓராண்டுக்கு மேல் செல்லும், 20 இலட்சம் டொலருக்கு மேல் செலவாகும், அது தம்மால் தாங்க முடியாத சுமை என்று வாதிட்டது. மக்குவயர் தரப்பில் சாட்சியமளித்த நிபுணர்கள், சிறு குழுவொன்று சில வாரங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது என்றார்கள். 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணைக்குழு மக்குவயருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. விழா தொடங்கும் செப்ரெம்பர் 15 இற்கு முன் தளத்தைத் திருத்தும்படி கட்டளையிட்டது. குழு அதை ஓரளவே செய்தது. ஆகவே அதே ஆண்டு நவம்பரில் 20,000 டொலர் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கில் இருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கலாம். முதலாவது, வாசிக்க முடியாத இணையத்தளம் பார்வையற்றவருக்குச் செய்யப்படும் அநீதி. அதை இரக்கத்தால் திருத்தினாற் போதாது, நீதியால் திருத்த வேண்டும். இரண்டாவது, பிந்திச் செய்யும் வேலையே பெருஞ் செலவு. வரம்பு கட்டுவது விதைப்புக்கு முன்னா, விதைத்து வெள்ளம் நின்ற பின்னா என்று கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பக்கத்தை அமைக்கும் அன்றே மாற்று உரை எழுதினால் ஒரு படத்துக்கு ஒரு நிமிடம். ஆயிரம் பக்கம் சேர்ந்த பின் திருத்தப் போனால் அது பெரும் பாரமாகத்தான் தெரியும்.

ஒரு பக்கம் வாசிக்கத் தக்கதாக இருக்க என்ன வேண்டும்?

வைய விரிவு வலைக்கு ஒழுங்கு வகுக்கும் உலக அமைப்பு 1999 மே மாதம் இதற்கான வழிகாட்டியை முதன்முதலில் வெளியிட்டது. பின்னர் 2008, 2018, 2023 ஆம் ஆண்டுகளில் அதை விரிவாக்கியது. பக்கத்தில் உள்ளவை உணரக்கூடியதாக, இயக்கக்கூடியதாக, விளங்கக்கூடியதாக, எந்தக் கருவியிலும் நிலைத்து நிற்பதாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதில் எமக்கு முக்கியமானவற்றைக் கீழே தருகிறோம். இணையத்தளம் அமைக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. படத்துக்குச் சொல் வேண்டும். நெற்பயிரின் நோயைக் காட்டும் படமாயின் "நோய்ப் படம்" என்று எழுதுவது போதாது. "இலையில் கண் போன்ற வடிவில் புள்ளிகள், ஓரம் பழுப்பு, நடு சாம்பல் நிறம்" என்று எழுதினால், பார்வையற்றவர் அருகில் நிற்பவரிடம் "எமது பயிரில் அப்படி இருக்கிறதா?" என்று கேட்கலாம். வெறும் அழகுக்காக வைத்த பூவுக்கோ கோட்டுக்கோ விளக்கம் தேவையில்லை. அதன் மாற்று உரையை வெறுமையாக விட்டால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிச் செல்லும்.

2. தலைப்புகள் உண்மையான தலைப்புகளாக இருக்க வேண்டும். பார்வையுள்ளவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தேவையான இடத்துக்குப் போவார். பார்வையற்றவர் தலைப்பில் இருந்து தலைப்புக்குத் தாவிச் செல்வார். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகாது. தலைப்பு என்று பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். வரம்பு இல்லாத வயலில் எது எவருடைய துண்டு என்று தெரியாததுபோல, தலைப்பு குறிக்காத பக்கத்தில் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை கேட்டாக வேண்டும்.

3. இணைப்பின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் பத்து இடத்தில் "இங்கே அழுத்தவும்" என்று இருந்தால், கேட்பவருக்கு எது எங்கே போகும் என்று தெரியாது. "விதை மானிய விண்ணப்பப் படிவம்" என்று பெயரையே இணைப்பாக வைக்க வேண்டும்.

4. படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் வேண்டும். அடையாள அட்டை இலக்கம் எங்கே, காணி உறுதி இலக்கம் எங்கே என்று பெட்டியோடு இணைத்து எழுதாவிட்டால் திரைவாசிப்பான் "பெட்டி, பெட்டி" என்றே சொல்லும். பிழையான பெட்டியில் நிரப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தக் குற்றம் யாருடையது?

5. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. "சிவப்பு நிறத்தில் உள்ள பெயர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்" என்று போட்டால் பார்வையற்றவருக்கு அது விளங்காது, நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் விளங்காது. பெயருக்கு அருகில் அதைச் சொல்லாகவும் எழுத வேண்டும். பார்வை மங்கிய முதியோருக்காக எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நல்ல வேறுபாடு இருக்க வேண்டும். வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து அழகாக இருக்கலாம், வாசிக்க உதவாது.

6. சுட்டி இல்லாமலும் இயங்க வேண்டும். கணினித் திரையில் அம்புக்குறியை நகர்த்த உதவும் சுட்டி கண் தெரிந்தவருக்கு உரியது. பார்வையற்றவர் விசைப்பலகையைக் கொண்டே எல்லாம் செய்வார். எந்தப் பொத்தானும் விசைப்பலகையாலும் அழுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

7. அட்டவணையில் நிரலுக்கும் நிரைக்கும் தலைப்பு வேண்டும். "45, 60, 52" என்று இலக்கங்கள் மட்டும் காதில் விழுந்தால் எது எந்த ஊருக்கு, எது எந்த ஆண்டுக்கு என்று எவராலும் சொல்ல முடியாது.

இவற்றில் எதுவும் பெரிய வித்தையல்ல. ஆயினும் 2024 இல் உலகில் அதிகம் பார்க்கப்படும் 10 இலட்சம் இணையத்தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்த ஆய்வொன்றில், 95.9 வீதமானவற்றில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. மங்கலான எழுத்து, மாற்று உரை இல்லாத படம், பெயர் இல்லாத பெட்டி ஆகியவையே அவற்றுள் முன்னணியில் நின்றன. செல்வந்த நாடுகளிலும் நிலைமை இதுதான். ஆகவே வசதியின்மை மட்டும் இதற்குக் காரணமல்ல. நினைவின்மையே பெரிய காரணம்.

தமிழுக்கு உரிய ஒரு தடை

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இன்னுமொரு விடயம் உண்டு. எமது நாட்டில் பல காலமாகப் பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வருகிறோம். பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அதுவே பழக்கம். ஆனால் பாமினியில் அடித்த எழுத்து உள்ளே தமிழாக இருப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி போட்டதுபோன்றது அது. பாமினியில் நாம் "அம்மா" என்று அடித்தால், கணினிக்குள் நிற்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவையே. கண்ணுக்கு அம்மா தெரிவார். காதில் "எம் கே கே எச்" என்றுதான் விழும்.

இதற்குத் தீர்வு யுனிகோட் முறை. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. யுனிகோட்டில் அடித்த "அம்மா" கணினிக்குள்ளும் தமிழாகவே இருக்கும். திரைவாசிப்பானும் "அம்மா" என்றே வாசிக்கும். கைத்தொலைபேசியில் நாம் தமிழில் அடிப்பது யுனிகோட்டே. பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இத்துடன், பக்கம் தமிழில் உள்ளது என்று அதன் தொடக்கத்தில் குறித்து வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று தடுமாறும்.

இது எம் குடும்பங்களுக்கு ஏன் முக்கியம்?

1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த எம் மக்களிடையே வெடிபொருளால் கண் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மட்டுமல்ல. நீரிழிவு கண்ணைத் தாக்குகிறது. வெண்புரை முதியோரின் பார்வையை மறைக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பார்ப்பதில் இடர்ப்பாடு இருப்பதாகத் தெரிவித்தார்கள். இன்று நல்ல கண் உள்ளவரும் 70 வயதில் அவர்களோடு சேரக்கூடும். ஆகவே இது வேறு யாரோ சிலரின் பிரச்சினையல்ல.

காணி, இழப்பீடு, வீட்டுத்திட்டம், விதை மானியம், பிள்ளைகளின் பரீட்சை முடிவு ஆகியன பற்றிய அறிவித்தல்கள் நாளுக்கு நாள் இணையத்துக்குப் போகின்றன. அவற்றுள் பல, தாளைப் படம் பிடித்துப் போட்ட நிலையிலேயே வருகின்றன. முறையீடு செய்வதற்கு 14 நாள் என்று அந்தப் படத்துக்குள் எழுதியிருந்தால், பார்வையற்ற குடும்பத் தலைவிக்கு அந்த 14 நாளும் ஓசையின்றிக் கழியும். பிள்ளையிடமோ அயலவரிடமோ கேட்டு வாசிப்பிக்கலாந்தானே என்று சொல்லலாம். தெரியாத மொழியில் கடிதம் வந்தபோது எமக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது எமக்கு ஆறுதலாக இருந்ததா?

எமது நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு இயற்றப்பட்டது. 2016 பெப்ரவரியில் இலங்கை, வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை, இணையம் உட்பட்ட தகவல் வசதிகளை அவர்கள் அணுகுவதற்கு அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளுக்குத் தகவல் அறியும் உரிமையைத் தந்தது. வாசிக்க முடியாத வடிவத்தில் தந்த தகவல், தராத தகவலே. ஆகவே உங்கள் கமக்கார அமைப்போ மாதர் சங்கமோ அலுவலகமொன்றுக்குக் கடிதம் எழுதும்போது, "அறிவித்தலைப் படமாக மட்டும் போடாது எழுத்தாகவும் போடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். அது பிச்சை கேட்பதல்ல.

இப்போது படத்தைப் பார்த்து விளக்கம் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைத்தொலைபேசியில் வந்துள்ளனவே, அவை போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவை நல்ல உதவிதான்; பயன்படுத்தலாம். ஆனால் அவை ஊகித்துச் சொல்பவை. காணி உறுதியின் இலக்கத்தில் ஓர் எண்ணும், பெயரில் ஓர் எழுத்தும் தவறினால் விளைவு என்னவென்று நீங்கள் அறிவீர்கள். அறிவித்தலை எழுதியவருக்கு அதன் சொல் நிச்சயமாகத் தெரியும். தெரிந்தவர் எழுதாமல் விட்டதைத் தெரியாத இயந்திரம் ஊகிக்கட்டும் என்று விடுவது பொறுப்பான செயலல்ல.

இன்றே செய்யக்கூடியவை

இணையத்தளம் அமைக்காதவர்களும் இதில் பங்குகொள்ளலாம். சங்கக் கூட்டத்தின் அறிவித்தலைப் படம் பிடித்து அனுப்பும்போது, கீழே நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டிய பத்திரம் ஆகியவற்றைத் தட்டச்சுச் செய்து அனுப்புங்கள். தமிழில் அடிக்கத் தெரியாதவர் தம் குரலில் பேசிப் பதிவுசெய்து அனுப்பலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத முதியோருக்கும் அது உதவும்.

இணையத்தளம் அமைக்கும் இளைஞர்கள், பக்கம் முடிந்ததும் டோக்பக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு தம் பக்கத்தில் ஒரு திகதியையோ தொலைபேசி இலக்கத்தையோ தேடிப் பார்க்க வேண்டும். டோக்பக் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். அதை நிறுத்துவதற்கும் இருமுறை தட்ட வேண்டும் என்பதால், முதன்முறை செய்யும்போது பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடத்தில் எமது பக்கத்தின் குறை எமக்கே தெரிந்துவிடும். அதற்கும் மேலாக, ஊரில் உள்ள பார்வையற்ற ஒருவரை அழைத்து அவரிடம் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்லும் குறை எந்த வழிகாட்டியிலும் இல்லாததாக இருக்கக்கூடும்.

மாற்கு எழுதிய நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில், எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்த்திமேயு என்னும் பார்வையற்றவரைக் காண்கிறோம். அவர் கூவி அழைத்தபோது கூட்டத்தினர் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். இயேசுவோ நின்றார், அவரை அழைப்பித்தார், அவருக்கு என்ன தேவை என்பதை அவரிடமே கேட்டார். பார்வையற்றவருக்கு வேண்டியது பார்வை என்பது யாருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர் அதைத் தாமே தீர்மானிக்கவில்லை. அவர் வாயால் கேட்டறிந்தார்.

உழுந்து விதை கிடைக்காமற் போன அந்த விவசாயியிடம் நாமும் பின்னர் போய்க் கேட்டோம். "பெரிசா ஒண்டும் வேண்டாம் சுவாமி. எல்லாருக்கும் சொல்லுறதை எனக்கும் விளங்குற மாதிரிச் சொல்லுங்கோ. பிறகு வாறதும் வராததும் என்ர பாடு" என்றார். இப்போது எமது நிலையத்தின் அறிவித்தல்கள் வெளிவருவதற்கு முன் அவருடைய தொலைபேசிக்குப் போகின்றன. அது வாசித்து முடித்து, அவர் சரி என்று சொன்ன பின்பே மற்றவர்களுக்கு அனுப்புகிறோம்.